கடலோரம் நின்ற வெள்ளைக்காரர்

இங்கிலீஷில் தெரியாத வார்த்தைகளால் பெரிய ஆபத்து கிடையாது. தெரிந்த வார்த்தைகள்தான் ஆளைக் கவிழ்க்கும். எனக்கு ஸ்டாண்ட், பீட் இரண்டுமே நன்றாகத் தெரியும்.

அறுபதுகளின் கடைசி. பாப்பிரெட்டிப்பட்டியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். "மாப்ள பி.ஏ.ங்க. இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு" என்று என் மாமா அளந்துவிட்டிருந்தார். (முக்கி முனகித் தேறிய பி.ஏ. என்பதைச் சொல்லவில்லை.) அந்தச் சமயம் பார்த்து ஊரின் புதுக் கிணற்றைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வரவேற்புக் கூட்டத்துக்குப் பெண்ணின் அப்பாதான் தலைவர்.

"அவரு பேசறத நீங்களே தமிழ்ல சொல்லிருங்க தம்பி" என்றார்.

பரீட்சை என்று புரிந்தது. எதிரே பெண்கள் பக்கம் எனக்குப் பேசியிருந்த கமலா வேறு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைக்காரர் தன் கதையை ஆரம்பித்தார். கடலோர ஊராம். கான்ஸ்டிட்யூயன்சி என்று ஏதோ வந்தது. அதை மென்று முழுங்கிவிட்டேன். பிறகு "ஐ ஸ்டுட்" என்றார். "எ லேடி பீட் மீ" என்றார். அடடா, தெரிந்த வார்த்தைகள்!

மைக்கில் முழங்கினேன். "ஐயா அவங்க ஊர்க் கடலோரமா நின்னிருக்காருங்க. ஒரு லேடி வந்து அடிச்சுப் போட்டுருச்சுங்க."

கூட்டம் நிமிர்ந்தது. முன்வரிசை அம்மா ஒருவர், "எத்தன அடியாம்? கேளு கண்ணு" என்றார்.

"ஹவ் மெனி?" என்றேன்.

"ஃபோர் தௌசண்ட்" என்றார் அவர், பெருமூச்சோடு.

"நாலாயிரமுங்க!"

"அய்யய்யோ! சும்மாவா அடிப்பா? இவன் என்ன பண்ணித் தொலைச்சானோ!"

கூட்டத்தின் பரபரப்பை அனுதாபம் என்று நினைத்து, அடுத்த தடவையும் அங்கேயே நிற்கப்போவதாக உற்சாகமாகச் சொன்னார் வெள்ளைக்காரர். அதையும் பிசிறில்லாமல் மொழிபெயர்த்தேன்.

"வெக்கங்கெட்ட மனுசன்!" என்று அந்த அம்மா தன் மகளை இழுத்துப் பின்னால் உட்காரவைத்தார்.

அப்போதுதான் கமலாவின் குரல் கேட்டது. "ஏனுங்க, கான்ஸ்டிட்யூயன்சின்னா தொகுதிங்க! அவரு எலெக்‌ஷன்ல நின்னு தோத்துருக்காருங்க. நாலாயிரம் ஓட்டுல!"

ஊரே சிரித்தது. விஷயம் புரியாமல் வெள்ளைக்காரரும் சிரித்தார். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் மாமாவிடம் வந்தார்.

"தண்ணி பட்ட பாடுன்னீங்களே! பையன உங்க வூட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க."

சம்பந்தம் முறிந்தது என்று நான் தாடி வளர்க்கத் தொடங்கிய சமயம், அவரே ஆள் அனுப்பினார். கமலா சொன்னாளாம்: "நாலாயிரம் அடிய நம்புன ஆளுப்பா. நான் என்ன சொன்னாலும் நம்புவாரு. இவரே போதும்."

இன்றுவரை நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் என் பேச்சு எடுபடாமல் போகும்போதெல்லாம் மகள் குரல் கொடுப்பாள், "அம்மா, எத்தன ஓட்டுல?"

அடுப்படியிலிருந்து பதில் வரும்: "டெபாசிட்டே போச்சு!"