ஐரோப்பியக் கிண்ணத்தில் நான் அடித்த ஹோர்ன்

சம்பளம் தருகிற வேலையைவிட, சும்மா செய்து கொடுக்கிற வேலையில்தான் மனிதனுக்குத் தலைக்கனம் கூடுதலாக வரும். கவுன்சில் அலுவலகத்தில் என் நாற்காலியை யாராவது இழுத்துக்கொண்டு போனால்கூட நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கூடைப்பந்து மேசையில், என் நாற்காலியில் ஒருவர் தன் கோட்டைப் போட்டார் என்பதற்காகச் சண்டைக்கே போயிருக்கிறேன்.

மகள் ஷரோன் லண்டன் நோர்பரியில் ஒரு சிறுவர் கழகத்தில் விளையாடத் தொடங்கியபோதுதான் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தேன். புள்ளி எழுதவும் கடிகாரம் பார்க்கவும் ஆளில்லை என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணியில் இருந்தவன் நான் என்றேன். (இருந்தேன்தான். மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில். மற்றவர்களின் துவாய்களுக்குக் காவலாக.) பிறகு பயிற்சி, பரீட்சை, குளிரில் விறைக்கும் பாடசாலை மண்டபங்கள் என்று சில வருடங்கள் போயின. அப்போது லண்டன் கழகம் ஒன்றுக்கு ஐரோப்பியக் கிண்ணத்தில் இடம் கிடைத்தது. அவர்கள் சொந்த மண்ணில் ஆடும் ஆட்டங்களுக்கு என்னை நேரக்காப்பாளராகக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பருவம் முழுவதும் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. துருக்கியில் தோற்றோம், கிரேக்கர்களை இங்கே வைத்து வென்றோம், போலந்தில் மயிரிழையில் தப்பினோம். பந்தைத் தொட்டதே இல்லையென்றாலும் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்' போட்டுத்தான் கதைப்பேன். மேசைக்கு மேற்பார்வையாளராக இருந்த ஐரிஷ்காரப் பெண்மணி மொய்ராவின் காதில் இது விழுந்துவிட்டது. இந்த மேசைக்கு அணி என்று ஒன்று கிடையாது, யார் பந்தைப் போட்டாலும் உன் முகம் மாறக்கூடாது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் பணிவாகத் தலையாட்டினேன். முகத்தைத்தானே சொன்னார்.

பிரிவின் கடைசி ஆட்டம் லிதுவேனியக் கழகம் ஒன்றுடன். வெல்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். தோற்றால் அத்தோடு ஐரோப்பா முடிந்தது. கோயில் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் நான் போட்ட அறிவித்தலைப் பார்த்தவர்கள் நானே ஆடப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு படையே வந்தது. மனைவி ஜெசிந்தா, அவளுடைய அண்ணன் அன்ரன், ஷரோன், ஷரோனின் அணிப் பிள்ளைகள், எல்லோரும் மேசைக்கு நேர் பின்னால் இருந்தார்கள். அன்ரன் மச்சானுக்குக் கூடைப்பந்து தெரியாது. கோல்கீப்பர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நேரக்காப்பாளரின் வேலை லேசானது. கடிகாரத்தை ஓடவிடவும் நிறுத்தவும் ஒரு சுவிச். அணிகள் இடைவேளை கேட்டால் ஒலிக்க ஒரு ஹோர்ன் பொத்தான். அவ்வளவுதான். கடைசிச் சில வினாடிகள் வரை அதைக் குறையில்லாமல் செய்தேன்.

லிதுவேனியர்கள் ஒரு புள்ளி முன்னால். பந்தும் அவர்களிடம். எங்கள் அணித்தலைவர் (பார்த்தீர்களா, 'எங்கள்') குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினார். முன்னால் ஒருவருமில்லை. கூடை மட்டும்தான். அரங்கமே எழும்பியது. நானும் எழும்பினேன். மகிழ்ச்சியில் மேலே போன என் வலக்கை கீழே வந்து மேசையில் ஓங்கி அறைந்தது. அறைந்த இடத்தில் ஹோர்ன் பொத்தான் இருந்தது.

விதிப்படி அந்தச் சத்தத்துக்கு ஆட்டம் நிற்கத் தேவையில்லை; மத்தியஸ்தர் விசில் ஊதினால்தான் நிற்கும். ஆனால் சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு நின்று பழகிய கால்கள் விதியைப் படித்துக்கொண்டா ஓடும்? அணித்தலைவர் நின்றார். பந்தோடு திரும்பி மேசையைப் பார்த்தார். பின்னால் வந்த லிதுவேனியர், குழந்தையின் கையிலிருந்து பிஸ்கற் எடுப்பதுபோல அதை எடுத்துக்கொண்டு போனார். ஆடுங்கள், ஆடுங்கள் என்று மத்தியஸ்தர் கையை வீசினார். அதற்குள் நேரம் முடிந்து, ஹோர்ன் இந்த முறை தானாகவே அடித்தது.

கூச்சல் அடங்கியதும் அணித்தலைவர் மேசைக்கு வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். அது அவருடைய கடைசிப் பருவம். எனக்கும் கை கொடுத்து, நடக்கிறதுதான் என்றார். கெட்ட வார்த்தை ஒன்றாவது சொல்லியிருக்கலாம். மொய்ரா என்னுடைய நேரக்காப்பாளர் மேலங்கியைக் கழற்றித் தரச் சொன்னார். துவைப்பதற்காக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன். அது திரும்பி வரவேயில்லை.

ரெயினில் அன்ரன் மச்சான் யாருக்கோ போன் எடுத்து, "எங்கட மச்சான்தான் ஆட்டத்தை முடிச்சு வைச்சவர்" என்று பெருமையாகச் சொன்னார். ஷரோன் தன் தோழிகளோடு வேறு பெட்டியில் ஏறியிருந்தாள். வீட்டு வாசலில் வைத்துத்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, இனி என்ர மட்ச்சுக்கு வந்தா காருக்குள்ளயே இருங்கோ. ப்ளீஸ்."

இருந்தேன். பூட்டிய காருக்குள் இருந்தபடி, மண்டபத்திலிருந்து வரும் சத்தத்தை வைத்து என் மகளுடைய ஆட்டங்களைப் பார்த்தேன். வேறென்ன செய்ய ஏலும்? அந்தக் கழகம் பிறகு ஐரோப்பாவுக்குப் போகவில்லை. அதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் சொல்வது ஒரே காரணம்தான்.

நான் ஹோர்ன் அடித்த வீடியோ பரவி, நடந்தது அன்ரன் மச்சானுக்கும் விளங்கியபின் பகிடி தொடங்கியது. ஞானஸ்நானம், பிறந்தநாள் கேக், புதுவீடு என்று எதுவானாலும் நான் கொஞ்சம் முகம் மலர்ந்தால் போதும், "கை, கை" என்று ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர்களுக்கு முன் நானே சிரித்துவிடப் பழகிக்கொண்டேன். முந்திச் சிரித்தால் குறைவாக வலிக்கும்.

ஷரோன் இப்போது பெண்கள் லீக்கில் ஆடுகிறாள். என்னை உள்ளேயும் விடுகிறாள். போன மாதம் வெற்றிக் கூடையை அவள்தான் போட்டாள். மண்டபம் முழுக்க எழும்பி ஆர்ப்பரித்தது. ஆட்டம் முடிந்து, வியர்வை வழிய நேரே என்னிடம் வந்தாள்.

"எல்லாரும் எழும்பிக் கைதட்டினவை. நீங்கள் மட்டும் ஏனப்பா இருந்தனீங்கள்?"

அப்போதுதான் கவனித்தேன், என் இரண்டு கைகளும் தொடைகளுக்கு அடியில் இருந்தன. எடுக்கப் பார்த்தேன், விறைத்துப்போயிருந்தன. பின்வரிசையிலிருந்து அன்ரன் மச்சான் வாயாலேயே ஒரு நீண்ட ஹோர்ன் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல நான் அவர்களுக்கு முன்பே சிரித்துவிட்டேன்.

ஷரோன் சிரிக்கவில்லை.