ஹாலந்து போட்ட இருபத்து மூன்று நம்பர்கள்

சிதம்பரத்தைச் சுற்றி ஒரு மேடுகூடக் கிடையாது என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் எங்கள் தெரு ஹாலந்துதான். ரயில்வே மேம்பாலத்துக்கு அவர் வைத்த பெயர் மலை. “மலை ஏறி எறங்கினா முட்டி போயிடும் சார்” என்று சொல்லிவிட்டு ஊரையே சுற்றிக்கொண்டு போவார்.

அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட “ஹாலந்து வீடு எது?” என்றுதான் கேட்பார். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. ஹாலந்தில் பத்தொன்பது வருஷம் பம்ப் ஃபிட்டர் வேலை. அந்த நாட்டில் பல ஊர்கள் கடலுக்குக் கீழே இருக்கின்றனவாம். கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டீக்கடையில் இதை அவர் அரை மணி நேரம் விளக்கினார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இன்னாத்துக்கு அவுங்க அங்கயே குந்தினு இருக்காங்க?” என்றார். ஹாலந்து அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாய்க்கால் கரைகளில் ஓடிப் பழகிய கால் அவருடையது. மனைவி காலமான பிறகு இங்கே திரும்பி வந்தவர், காட்டுமன்னார்கோயில் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். நேர் வாய்க்கால், நேர் கரை, கண்ணுக்கெட்டிய வரை தட்டையான வயல். பாதி வழியில் இறங்கிவிட்டார். மறுநாளிலிருந்து ஓட்டம்.

அப்போது நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சர்க்கரை ஏறிப்போய், டாக்டர் கண்டிப்பாக நடக்கச் சொல்லியிருந்தார். ஹாலந்து என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் ஓடுவார், நான் பின்னால் நடப்பேன். ஓட்டத்துக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் எங்கள் ஆபீஸ் விதிமுறைகளைவிட ஜாஸ்தி. கிளம்புமுன் பனைமட்டை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பார். “மேடு இல்லாத ஊர்ல காத்துதான் சார் மேடு. போறப்ப எதிர்காத்துல போவணும், வர்றப்ப அது தள்ளிக்கினு வரும்.” இந்தக் காற்று ஆராய்ச்சியில் பல நாள் எனக்கு ஆபீசுக்கு நேரமாகியிருக்கிறது.

எதிரில் வருகிற எல்லாருக்கும் வணக்கம் சொல்வது இன்னொரு சட்டம். ஹாலந்தில் கரையில் ஓடுகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்வார்களாம். நம் ஊர் வாய்க்கால் கரையில் விடியற்காலை இருப்பவர்கள் வணக்கத்தை வாங்கிக்கொள்ளும் நிலைமையில் இருப்பதில்லை. இவர் நின்று, சிரித்து, பதில் வரும்வரை காத்திருப்பார். அறுவடை முடிந்த வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டம் ஒன்று இவரைப் பார்த்து மிரண்டு கரையேறி, இவருக்கு முன்னாலேயே இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் உண்டு. “யோவ், வாத்த எங்கய்யா ஓட்டிக்கினு போற?” என்று வாத்துக்காரர் கம்போடு வந்தார். ஹாலந்து அவருக்கும் வணக்கம் சொன்னார்.

இதற்கிடையில் மகன் ஹாலந்திலிருந்து தினமும் போன் செய்துகொண்டிருந்தான். அப்பா தனியாக இருக்கக் கூடாது, அங்கேயே வந்துவிட வேண்டும் என்று பிடிவாதம். ஒருநாள் இவர் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார். “மாசி முடியறதுக்குள்ள என்கூட ஓட இங்க பத்து பேர் சேரலன்னா நீ டிக்கெட் போட்டுடு. நான் வந்துடறேன்” என்று சொல்லிவிட்டார். அன்றைய தேதியில் எங்கள் சங்கத்தின் பலம் ஒன்றரை. அரை நான்.

பத்து பேரைச் சேர்க்க ஹாலந்து கண்டுபிடித்த வழிதான் நம்பர். அந்த நாட்டில் பாதை பிரிகிற இடத்திலெல்லாம் ஒரு கம்பம், அதில் ஒரு நம்பர். எந்தெந்த நம்பர் என்று சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினால் புது ஆள்கூடத் தொலைய மாட்டான். அதையே இங்கே கொண்டுவந்தார். வீட்டு கேட்டுக்கு அடித்து மீந்த சிவப்புப் பெயிண்ட் இருந்தது. மதகு, கல்வெர்ட், இரண்டு பனைமரம் என்று எட்டு கிலோமீட்டருக்கு ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை எழுதினார். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

பிறகு டீக்கடைகளில் நோட்டீஸ் ஒட்டினோம். “ஞாயிறு காலை ஆறு மணி. ஒன்றாம் நம்பர் மதகில் தொடக்கம். இருபத்து மூன்று நம்பரும் அன்றே முடிக்கப்படும்.” கடைசி வரி என்னுடையது. இத்தனை வருஷம் ஆபீசில் கடிதம் எழுதிய கை, வேறு எப்படி எழுதும்?

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் போய்ப் பார்த்தால் மதகு தெரியவில்லை, அவ்வளவு கூட்டம். ஹாலந்து என் கையை இறுக்கிப் பிடித்தார். “எண்ணுங்க சார், எண்ணுங்க.” எண்ணினேன். நாற்பத்து மூன்று. ஓட வந்தவர்கள் கையில் மண்வெட்டி எதற்கு என்று எனக்கு யோசனை வந்தது. அவருக்கு வரவில்லை. எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே போனார்.

கரையோரக் கிராமத்து வார்டு மெம்பர் செல்வி முன்னால் வந்தார். கரையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்.

“எந்த கம்பெனி நீங்க?”

“கம்பெனி இல்லம்மா. ஓடறதுக்கு.”

“ஓடறதுக்கு இன்னாத்துக்கு செவப்பு நம்பரு? ரோடு போடறீங்களா, கொழா பொதைக்கறீங்களா? எங்க நெலத்துல எது வரைக்கும் எடுக்கறதா இருக்கீங்க, அத சொல்லுங்க.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம் மாவட்டத்தில் வயலோரம் சிவப்பு நம்பர் முளைத்தால் என்ன அர்த்தம் என்று தாலுகா ஆபீஸ்காரனுக்குத் தெரியாமல் போனதே. ஹாலந்து கம்பம், சீட்டு, கடலுக்குக் கீழே ஊர் என்று ஆரம்பித்தார். பாதியில் ஒருத்தர் என்னைக் கை காட்டினார். “இந்தாளு தாலுகா ஆபீஸ்ல இருக்கறவரு. பட்டாவுக்குப் போனப்ப நாளைக்கி வா, நாளைக்கி வான்னாரு. இவருதான் டப்பா புடிச்சாரு.” அதற்குமேல் யார் நம்புவார்கள்.

“எல்லா நம்பரையும் இப்பவே அழிங்க” என்றார் செல்வி.

ஹாலந்து முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் அவர் ஹாலந்துதானே. “அழிக்கறேன். ஒன்னுலேந்து வரிசையாதான் அழிப்பேன். ஓடிக்கினேதான் போவேன்” என்றார்.

சுண்ணாம்பு வாளி வந்தது, வெள்ளையடிக்கிற மட்டை வந்தது. ஒன்றாம் நம்பருக்கு வெள்ளை அடித்துவிட்டு மனிதர் ஓட ஆரம்பித்தார். விட்டால் தப்பிவிடுவார் என்று ஊரே பின்னால் ஓடியது. கரையில் வண்டி போக வழியில்லை. செல்வி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் ஓடினார். என்னையும் விடவில்லை. வாளி கைமாறிக் கைமாறி வந்தது, என் முறை மட்டும் அடிக்கடி வந்தது.

ஐந்தாம் நம்பர் வரை திட்டினார்கள். ஒன்பதில் திட்ட மூச்சில்லை. பன்னிரண்டில் ஒரு மாமா உட்கார்ந்து வாளியைத் தள்ளிவிட்டு, “தோ பாரு, கொஞ்சம் மெதுவா அழிய்யா” என்றார். ஹாலந்து அவருக்கு மூச்சு விடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். பதினெட்டில் யாரோ யாரையோ கேலி செய்ய, பெண்கள் சிரித்தார்கள்.

இருபத்து மூன்றுக்கு வெள்ளை அடித்து முடித்ததும் செல்வி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “ஒங்க அந்த ஊர்ல நம்பர் எழுதினா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்களா?”

“அங்க நெலமே கடலுகிட்டேந்து புடுங்கினதும்மா. சண்டைக்கு வந்தா கடலுதான் வரணும்.”

“இங்க எங்ககிட்டேந்துல்ல புடுங்கறாங்க” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. ஹாலந்து தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதாம்மா. கேட்டுட்டு எழுதியிருக்கணும்.” யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள்.

திரும்பும்போது அவர் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவே இல்லை. “டிக்கெட் போடச் சொல்லிடறேன் சார்” என்று மட்டும் சொன்னார். 

மத்தியானம் மகன் வீடியோவில் வந்தான். ஹாலந்து போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடியில் போய் நகத்தில் இருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், உண்மையச் சொல்லுங்க. எத்தன பேர் ஓடினாங்க?”

“நாப்பத்தி மூணு பேரு தம்பி.”

குழாய்ச் சத்தம் நின்றது.

“கடைசி வரைக்குமா?”

“எட்டு கிலோமீட்டரும். ஒங்க அப்பாவ வுட்டு ஒருத்தரும் ஒரு அடி நகரல.”

என் சர்வீசில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், இவ்வளவு உண்மையாக ஒன்றும் எழுதியதில்லை. எதற்காக ஓடினார்கள் என்று அந்தப் பையன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். எனக்கு அந்த மனுஷர் இங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.