சுழியைப் படம் பிடிக்கும் மகளுக்கு

நெல்லையப்பர் துணை
திருநெல்வேலி டவுண்

பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் அன்புமகள் சுகிர்தாவுக்கு, உன் அப்பா பாபநாசம் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மா கோமுவும் நலம். அங்கு நீ நலமில்லை என்பது நேற்று போனில் அழுததிலேயே தெரிந்துவிட்டபடியால், வழக்கமாகக் கேட்பதை இம்முறை கேட்கவில்லை.

"ஆராய்ச்சி போதும்ப்பா, ஊருக்கே வந்திருதேன்" என்றாய். வந்திரு. போனில் சொன்னால் நானும் அழுதிருவேன், அதான் கடிதாசி. அணு கனத்துக்கு ஏடு ஏடா உரிச்ச தகட்டுல காந்தம் சின்னச் சின்னச் சுழியா நிக்கும், அதை வைர ஊசியால தடவிப் படம் பிடிக்கணும்னு நீ சொன்னதுல எனக்குப் பாதி விளங்கிச்சு. நம்ம ஆத்துச் சுழி மாதிரின்னு நானா வச்சுக்கிட்டேன். அந்தப் படம் ஒருநாள் ஒழுங்கா விழுது, மறுநாள் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது, அதுக்கு உங்க சார் 'உன் கை சரியில்ல'ன்னாராக்கும்? அவரு கெடக்காரு. கோலத்துல ஒரு புள்ளி தவறாத கை உன் கை.

இங்க மட்டும் என்ன வாழுது? பலசரக்குக் கடை தில்லைநாயகம் அண்ணாச்சி, 'மக என்ன வேலை பாக்கா'ன்னு கேட்டாரு. வைர ஊசி வச்சு வேலைன்னு சொல்லித் தொலைச்சேன். மறுநாளே சாத்தான்குளத்துல நகைக்கடை வச்சிருக்க மாப்பிள்ளை வீட்டைக் கூட்டிட்டு வந்துட்டாரு மனுசன். "ஐயோ, அது கண்ணுக்கே தெரியாத வைரம்லா"ன்னேன். "கண்ணுக்குத் தெரியாத வைரத்தை எப்படிவே பொண்ணுக்குப் போடுவீரு?"ன்னு மாப்பிள்ளையோட அப்பா எந்திரிச்சுட்டாரு. அவங்களுக்குக் கிண்டின கேசரியை இன்னும் நாந்தான் திங்கேன்.

அதனால தைரியமா வா. முக்கூடல் பள்ளிக்கூடத்துல பௌதிக டீச்சர் இடம் காலியாம், விசாரிச்சுட்டேன். நெசத்தைச் சொல்லுதேன், நீ அழுதது பொறுக்கல, ஆனா வாரேன்னதுல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷந்தான். அப்பனுக்கு இது அழகில்ல.

காந்திமதியம்மை உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அப்பா பாபநாசம்

பின்குறிப்பு: வராதே! மேலே எழுதினது ஒண்ணையும் எடுத்துக்கிடாத. கவரை ஒட்டப் போகையில உங்கம்மா வந்து, 'அவ பலகாரம் கொண்டுபோன சோத்துப் பையோட அடித்தையலைப் பிரிச்சிர வேண்டாம்னு எழுதுங்க'ங்கா. ஏன்னு கேட்டா, எண்ணெய்ப் பலகாரம் ஊர் தாண்டுனா காத்துகருப்பு அண்டாம இரும்பு கூடப் போகணுமாம். நீ தூரப் போட்டிருவேன்னு ஒரு பெரிய ஆணியைப் பைக்குள்ளயே வச்சுத் தைச்சிட்டா. ஏட்டி, அந்தப் பையை எங்கன மாட்டுத? மிஷின் பக்கத்துலயா? இரும்பு கிட்ட இருந்தா காந்தம் அந்தப் பக்கமா இழுத்துக்கிடாதா? நாளைக்குப் பையை ரூம்லயே போட்டுட்டுப் போய் ஒரு படம் எடுத்துப் பாரு. எனக்கு என்ன தெரியும், ஆனாலும் பாரு. ஆணியாலதான் உன் படம் கெட்டிருக்கும்னு நான் சொன்னதுல இருந்து உங்கம்மா அடுப்படியை விட்டு வெளிய வரல. 'அந்த ஆணியும் இல்லாம பிள்ளைக்கு அங்க யாரு இருக்கா'ன்னு அழுதா. படம் நல்லா விழுந்தா உங்க சாருக்கு மெதுவா சொல்லிக்கிடலாம், மொதல்ல அவளுக்குப் போன் போடு.