எட்டாம் வேகத்தில் ஒரு கல்யாணம்

ஒரு காட்டில் ஆடி மாதம் பிறந்துவிட்டது. புதிதாகக் கல்யாணமான பெண்களெல்லாம் தாய்வீடு வந்து சேர்ந்தார்கள். வேலாத்தா என்ற முள்ளம்பன்றியின் மகள் மட்டும் வரவில்லை. சம்பந்தி அங்கம்மாள் அனுப்ப மறுத்துவிட்டாள்.

“கல்யாணத்தன்னைக்கு வாசல்ல எங்களுக்குச் சந்தனம் கொடுக்க ஒரு நாதியில்லை. அந்த வீட்டுக்கு என் மருமக எதுக்குப் போகணும்?”

“நானே என் கையால கொடுத்தேனே!” என்றாள் வேலாத்தா. கொடுத்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம்.

“வீடியோவைக் கொண்டாங்க. பார்த்துட்டு அனுப்பறேன்.”

கல்யாணத்தைப் படம் எடுத்தவன் தேவாங்கு செவந்தியப்பன். வேலாத்தா அவன் கடைக்கு ஓடினாள்.

“சட்டுனு ஒரு டிவிடி போட்டுக் கொடுப்பா.”

“சட்டுனு போடக் கூடாதுக்கா. வேகமா எழுதினா தட்டோட வெளி ஓரம் கெட்டுப்போகும். கடைசியா எழுதற உங்க பந்தி அங்கதான் வரும். பாயசத்துல படம் நின்னுடும்.”

ஒன்றாம் வேகத்தில் வைத்தான். தேவாங்கின் சுபாவத்துக்கு ஏற்ற வேகம். கல்யாணம் நடக்க ஆன நேரம் டிவிடி எழுதவும் ஆயிற்று. போட்டுப் பார்த்தால், படம் வாசலிலேயே கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது.

“என்னப்பா, என் மக கல்யாணத்தை அரிவாள்மனையில நறுக்கி வச்சிருக்கே?”

செவந்தியப்பன் உறையைத் திருப்பிப் படித்து அசடு வழிந்தான். “இது பதினாறு வேகம் தாங்கற டிவிடிக்கா. ரொம்ப மெதுவா எழுதினா லேசர் ஒளி அங்கேயே நின்னு புள்ளியை அகலமாச் சுட்டுடும், கல்லுல மறந்த தோசை மாதிரி. பாதி வேகம்தான் இதுக்குச் சரி.”

எட்டாம் வேகத்தில் இன்னொன்று எழுதினான். படம் பளிச்சென்று வந்தது. வாசலில் அங்கம்மாள் முள் சிலிர்க்க நிற்கிறாள். மேசைமேல் சந்தனக் கிண்ணம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. தூரத்தில், சமையல் கொட்டகை ஓரமாக, வாய் நிறைய மரவள்ளிக்கிழங்கோடு வேலாத்தா.

“பாருங்க, கிழங்குல ஒட்டின மண்ணுகூடத் தெரியுது!” என்றான் செவந்தியப்பன் பெருமையாக.

“அதுதான்பா வினை. அந்த முதல் டிவிடி எங்கே?”

“அது கெட்டுப்போனதுக்கா.”

“அதைக் கொடு. இதை உடை.”

“என் கடைப் பேரு என்னாகறது?”

“என் பொண்ணு என்னாகறது?”

செவந்தியப்பன் உடைத்தான். அவன் வாழ்நாளில் சட்டென்று செய்த ஒரே வேலை அது.

அங்கம்மாள் வீட்டில் உறவெல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்தது. படம் வாசலில் நின்றது.

“இந்தப் பழுப்புக் கட்டம் யாரு?”

“நான்தான்.”

“கையில மஞ்சளா ஏதோ இருக்கே?”

“சந்தனம், சம்பந்தியம்மா.”

அங்கம்மாள் திரையருகே போய்ப் பார்த்தாள். “பக்கத்துல இவ்வளவு பெரிசா ஒரு கட்டம்?”

“நீங்கதான். படத்துலயே பெரிய கட்டம் உங்களுதுதான்.”

அங்கம்மாளின் முட்கள் மெல்லப் படிந்தன. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏ புள்ளே, துணிமணியை எடுத்து வை. உங்கம்மா வந்திருக்காங்க.”

நீதி: நல்ல பதிவுக்கு நடுத்தர வேகம், நல்ல உறவுக்கு மட்டமான பதிவு.