லூர்து ஏறினால் எடுக்கும் வண்டி

"ஏ லூர்து! கொஞ்சம் வந்து ஒக்காரு. வண்டி எடுக்க மாட்டேங்குது!"

வாசலில் இருந்து ஞானதுரையின் குரல் வந்தபோது லூர்து மேரியின் கையெல்லாம் தோசை மாவு. நிதானமாகக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு போய், அறுபத்தேழாம் வருஷத்து அம்பாசடரின் முன் சீட்டில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்கிற சாக்கில் இடது கையை சீட்டுக்கு அடியில் விட்டாள்.

"இப்பப் போடுங்க."

ஞானதுரை சாவியைத் திருப்பினார். வண்டி கனைத்துக்கொண்டு கிளம்பியது.

"என்ன அதிசயம் பாரு! நீ ஏறுனாத்தான் எடுக்குது."

"என் ராசி அப்படி," என்றாள் லூர்து.

ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரு சுவிட்ச்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஞானதுரை இந்த வண்டியை வாங்கியதிலிருந்து ராயப்பன்பட்டியில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. காலையில் கார்புரேட்டர், மத்தியானம் பாலிஷ், சாயங்காலம் கம்பம் வரைக்கும் ஒரு ஓட்டம். அதுவும் தனியாக. "நானும் வரட்டா?" என்று லூர்து கேட்டால், "இன்ஜின் சத்தத்தக் கவனிக்கணும் லூர்து. நீ பேசிக்கிட்டே வருவ," என்பார். மகள் பெனிஷா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் லூர்து பேசுவதற்கு மிக்ஸியும் கோழிகளும்தான் மிச்சம். அவளுக்கு மனசு வலித்தது. இந்த வயதில் அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உத்தமபாளையம் மெக்கானிக் அப்துல் அஜீஸ் வயரிங் மாற்ற வந்தான். திருட்டுக்குப் பயந்து இந்த மாதிரி வண்டிகளில் ரகசியமாக ஒரு சுவிட்ச் வைப்பார்கள், அதைப் போடாவிட்டால் வண்டி எடுக்காது என்று காபி குடிக்கும்போது சொன்னான். லூர்து அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி ஊற்றினாள்.

"அத என் சீட்டுக்கு அடியில வெச்சிரு அஜீஸு. அவுகளுக்குத் தெரிய வேணாம்."

அஜீஸ் முழித்தான். பிறகு லூர்து அக்காவின் முகத்தைப் பார்த்தான். சுவிட்சை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஏறும்போது சுவிட்சைப் போட்டு, இறங்கும்போது அணைத்து, அன்றிலிருந்து லூர்து ஊர் பார்த்தாள். சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டம், லோயர் கேம்ப், குமுளியில் நேந்திரங்காய் சிப்ஸ். ஞானதுரை முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். போகப் போகப் பேச ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில்கூட மனுஷன் இவ்வளவு பேசியதில்லை. லூர்து சந்தோஷமாக இருந்தாள்.

அது பொறுக்காமல் தேனியில் பழைய கார் போட்டி ஒன்று வைத்தார்கள். ஞானதுரை உடனே பெயர் கொடுத்தார். ஷோகேஸில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் கோப்பைக்கு இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது.

"ஓட்டுறவர் மட்டும்தான் வண்டிக்குள்ள இருக்கணுமாம்," என்று போட்டி விதியை வாசித்துக் காட்டினார். "நடுவர் முன்னால ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து வரணுமாம்."

"அப்ப நான்?"

"நீ பந்தல்ல ஒக்காந்து பாரு."

லூர்து யோசித்தாள். சுவிட்சைப் போட ஆள் வேண்டுமே! அப்புறம்தான் சுலபமான வழி ஒன்று தோன்றியது. முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டால் போச்சு.

போட்டிக்கு முந்தின நாள் காலை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தாள். "ஏங்க, நான் இல்லாம ஒருக்கா எடுத்துப் பாருங்க," என்று அவரை அனுப்பிவிட்டு சமையலறை ஜன்னலில் நின்றாள். ஞானதுரை சாவியில் கை வைத்தார். வண்டி மூச்சு விடவில்லை.

மாற்றிப் போட்டுவிட்டோமோ? அவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தபோது ஓடிப்போய் அந்தப் பக்கம் தட்டினாள். அவர் மறுபடி முயன்றும் எடுக்கவில்லை. பிறகு இந்தப் பக்கம் தட்டினாள். அப்போதும் எடுக்கவில்லை. தட்டித் தட்டிக் கடைசியில் எந்தப் பக்கம் ஆன் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

அதற்குள் ஞானதுரை பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டி, சட்டையெல்லாம் கிரீஸாகி நின்றார். அடுத்து ஒரு தேங்காய் மூட்டையை இழுத்து வந்து அவள் சீட்டில் ஏற்றினார்.

"என்னங்க இது?"

"உன் எடைக்கு வெச்சுப் பாக்குறேன்." சாவியில் கை வைத்தார். "ம்ஹூம். பத்தல போல. இன்னொரு மூட்டை கெடக்கா?"

வேறு நாளாக இருந்தால் அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்று லூர்து சத்தம் காட்டாமல் கொல்லைப்பக்கம் போய் அஜீஸுக்குப் போன் போட்டாள்.

"அஜீஸு, அந்த சுவிட்ச் மேல தள்ளுனா ஆனா, கீழ தள்ளுனா ஆனா?"

அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"நீங்க எப்படி வெச்சாலும் சரிதான்க்கா."

"என்ன பேச்சுப் பேசுற? எப்படி வெச்சாலும் எடுக்கலையே!"

அஜீஸ் இருமினான். "நாளைக்கு நானும் தேனிக்கு வாரேன்க்கா. பயப்படாதீக," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. போகிற வழியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சின்னமனூரில் வாயெடுத்தாள். கோப்பையை வீடியோ காலில் பெனிஷாவுக்கு எப்படிக் காட்டுவது என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். வீரபாண்டியில் வாயெடுத்தாள். அவர் ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

தேனிக் கல்லூரி மைதானத்தில் ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பிச் சுற்றி வந்தது. இவர்கள் முறை வந்ததும் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் ஓடிவந்தாள். "அம்மா, நீங்க எறங்கிருங்க."

லூர்து சுவிட்சை ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிட்டு இறங்கினாள். மனசு கேட்கவில்லை. சுற்றி வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"ஏங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"அதெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கிருவோம். இப்பத் தள்ளி நில்லு."

சாவியில் கை வைத்தார். சத்தமே இல்லை. இன்னொரு தடவை. அப்போதும் இல்லை. "ராயப்பன்பட்டி ஞானதுரை சார் வண்டி, இதோ... இதோ..." என்று மைக் பிடித்தவர் இழுத்துக்கொண்டே இருந்தார். பந்தலில் யாரோ சிரித்தார்கள். லூர்துக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்தியது. பெற்ற பிள்ளையைப் போல அவர் துடைத்துத் துடைத்து வைத்த வண்டி, இத்தனை பேர் முன்னால் தன்னால்தானே இப்படி நிற்கிறது!

ஞானதுரை தலையை வெளியே நீட்டினார். முதலில் லூர்துவைப் பார்த்தார். அப்புறம் நடுவரைப் பார்த்தார்.

"மேடம், என் வீட்டம்மா ஏறுனாத்தான் இது எடுக்கும்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நடுவர் அம்மாவும் சிரித்துவிட்டார். "ஏத்திக்கங்க சார். ஆனா போட்டியில இருந்து உங்க வண்டிய எடுத்துருவோம். பரவாயில்லையா?"

"பரவாயில்ல," என்றார் ஞானதுரை. ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லை.

லூர்து கண்ணில் நீர் வழிய ஏறி உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். வண்டி உடனே எடுத்தது. கோப்பை வாங்கிய வண்டிக்குக்கூட அப்படிக் கைதட்டல் விழவில்லை.

"அழுவாத. கையக் காட்டு, எல்லாரும் பாக்குறாக," என்றார் ஞானதுரை.

"கோப்பை போச்சேங்க."

"போனாப் போகுது. திரும்புறப்ப சின்னமனூர்ல பரோட்டா சாப்பிடுவமா?"

அவர் அப்படிச் சொல்லச் சொல்ல அவளுக்கு இன்னும் அழுகை வந்தது. வண்டியை நிறுத்தியதும் இறங்கி, கரும்புச்சாறு வண்டிப் பக்கம் நின்ற அஜீஸிடம் நேராகப் போனாள்.

"என்னால அவுக கோப்பையும் போச்சு, மானமும் போச்சு. இனிமே நான் வீட்டுலயே இருந்துக்கிறேன். அந்த சுவிட்ச இன்னைக்கே கழட்டிரு அஜீஸு."

அஜீஸ் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஞானதுரை அவள் ஏறுவதற்காக முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதக் கழட்டச் சொல்றீக? போன கிறிஸ்துமஸுக்கே சார் அதக் கண்டுபிடிச்சு, வயர எடுத்துரச் சொல்லிட்டாக. நீங்க கூட வரணும்னு சாவியத் திருப்புற மாதிரி சும்மா நடிக்கிறாக; நெசமாத் திருப்புனா, அவுக தனியா இருந்தாலும் ஒரே சாவியில எடுக்குற வண்டிதான்க்கா அது!"