அத்தை மனம் குளிர அப்பா மாடான விவரம்

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர், 1909.

தைப்பிங் ரயிலடியில் உத்தியோகம் பார்க்கும் மாமா அவர்களுக்கு, மருமகள் பாக்கியலட்சுமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம் என்று எழுதவே ஆசை. ஆனால் வாசலில் வேப்பிலை தொங்குகிறது.

அப்பா கேட்டபடி என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டு இப்போது வரவேண்டாம். வெள்ளிக்கிழமை அப்பாவின் அக்கா பூவம்மா அத்தைக்கு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி போட்டது. பார்த்ததும் அப்பா, "ஆத்தா வந்துட்டா" என்று கதவைச் சாத்திவிட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வெளியே போவதில்லை, யாரும் உள்ளே வருவதில்லை, தாளிப்பும் இல்லை. அதெல்லாம் பெரிதல்ல. வீட்டில் கடுஞ்சொல் கூடாது, படுத்திருப்பவர் மனம் குளிர நடக்கவேண்டும் என்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டமாகிவிட்டது. மாட்டு வியாபாரம் செய்து வளர்ந்த குரல் அது. அத்தையோடு சண்டை போடாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இப்போது அந்த அத்தையையே "ஆத்தா, கஞ்சி குடிக்கிறியளா?" என்று பூனை நடப்பதுபோல் கேட்கிறார்.

இரண்டாம் நாள் அத்தை, "தம்பி, எனக்குப் பொழுதே போகலைப்பா" என்றார். அப்பா என்னைக் கதை வாசிக்கச் சொன்னார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது தங்களுக்குத் தெரியும். அதனால் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் கதாநாயகி கிணற்றில் விழப்போனாள். "அழுகை கூடாது! ஆத்தா மனசு நோகும்" என்று அம்மா பதறினாள். நான் அவளைக் கிணற்றில் தண்ணீர் சேந்தச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். கொலைகாரனிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு குடையைக் கொடுத்தேன். எல்லோரும் நல்லவர்களாகிவிட்டதால் கதை பத்து நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

"வேற என்ன வச்சிருக்கீங்க?" என்றார் அத்தை. மாடு விற்பதை நடித்துக் காட்ட வேண்டுமாம். அம்மா வாங்க வந்தவள். விற்பவரும் அப்பா, மாடும் அப்பா. அம்மா பல்லைப் பிடித்துப் பார்த்து, "கிழட்டு மாடு, வேண்டாம்" என்று போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அம்மா அவரை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. மாட்டால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட விளையாட்டு. நான் வாத்தியாரம்மா, அப்பா மாணாக்கர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருப்பதும், நம் குடும்பத்தில் முதன்முதல் சீனியர் பரீட்சை தேறினவள் நான் என்பதும், "தேறினது போதும், வேலைக்குப் போறது நம்ம வழக்கமில்ல" என்று அப்பா சொல்லிவிட்டதும் தாங்கள் அறிந்ததே. உலகம் உருண்டையா, தட்டையா என்று கேட்டேன். "தட்டைதான். நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல்ல வந்தேன், எங்கயும் சறுக்கலையே" என்றார். அரிசிப் பெட்டிமேல் ஏறி நிற்கச் சொன்னேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அப்பா ஏறி நின்றார்.

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிக்காமல், "தம்பி, இந்தப் பிள்ளைய அடுத்த மாசம் நெசமாவே பள்ளிக்கூட வேலைக்கு அனுப்புறியா?" என்றார். அப்பா பெட்டிமேல் நின்றபடி வேப்பிலையைப் பார்த்தார். "ஆத்தா உத்தரவு" என்றார், மெதுவாக.

ஆகையால் மாப்பிள்ளை வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தங்களுக்கும் தங்கம் மாமிக்கும் குழந்தைகளுக்கும் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்
பாக்கியலட்சுமி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனதில் கொள்ளவேண்டாம். சற்றுமுன் வைத்தியர் வந்து, இது அம்மை இல்லை, மூட்டைப்பூச்சிக் கடி என்று சொல்லிவிட்டார். அப்பா வேப்பிலையைப் பிய்த்தெறிந்து, "மூட்டைப்பூச்சிக்குக் குடுத்த வாக்கு செல்லாது!" என்று கத்தியது பக்கத்துத் தெருவரை கேட்டிருக்கும். மாப்பிள்ளையோடு உடனே புறப்பட்டு வரச்சொல்கிறார்.

மறுபடியும்: வரவேண்டாம். அம்மா இப்போதுதான் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள், கையெல்லாம் சிவப்புப் புள்ளி. அப்பா வேப்பிலை ஒடிக்கப் பூனைபோல் நடந்து போகிறார். புள்ளிகள் கொஞ்சம் குங்கும நிறமாக இருக்கின்றன. நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.