டிவியில் காட்டிய தூண்

அரண்மனையை வீட்டுக்கே வரவழைத்தேன். அதுதான் தப்பாகப் போனது.

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் மகன் வீட்டில் இருக்கிறோம். கோயமுத்தூர் திரும்பும் வழியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இறங்க வேண்டும் என்றாள் என் மனைவி சாரதா. கல்யாணமான புதிதில் நான் அங்கே படித்தேன். அரண்மனைக்கும், அதை ஒட்டி இடிந்து நிற்கும் பழைய மடாலயத்துக்கும் ஒருமுறை போனோம். அதை இன்னொருமுறை பார்க்கணுமாம்.

விசா. குளிர். வரிசை. என் முட்டி. முடியாது.

முடியாது என்று அவளிடம் சொல்லவும் முடியாது. திட்டம் போட்டேன். மருமகள் பிரீத்தியிடம் சொல்லி அரண்மனை வீடியோவைப் பெரிய டிவியில் போடச் சொன்னேன்.

"வா சாரதா. செருப்புகூட மாட்ட வேண்டாம். அரண்மனை வந்தாச்சு."

பீன்ஸும் கத்தியுமாக வந்து உட்கார்ந்தாள். ராஜாக்களின் படங்கள் வரிசையாக வந்தன.

"எல்லாருக்கும் ஒரே மூக்கு. அன்னிக்கே சொன்னேனுங்க."

"சத்தமாச் சொன்னே. காவக்காரன் திரும்பிப் பார்த்தான்."

"அவனுக்குந்தான் அதே மூக்கு."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அடுத்து மடாலயம். சுவர் இருக்கிறது, கூரை இல்லை. மேலே வெறும் வானம். பீன்ஸ் நறுக்கிய கத்தி நின்றது.

அன்று மழை. ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கூரை மிச்சம். அங்கே ஒரு தூணில் சாய்ந்து, ஆறிப்போன அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டோம். என் கோட்டு அவள் தலையில். அதற்குப் போட்டோ கிடையாது. கேமரா கையில்தான் இருந்தது. பிலிமை மச்சினன் கல்யாணத்துக்கு மிச்சம் பிடித்தேன். அங்கே எடுத்ததெல்லாம் பந்தி.

"ஏனுங்க, நாம சாஞ்ச தூண் எது?"

"எல்லாம் தூண்தான்."

"சரியாக் காட்டிப்போடுங்க. எடின்பரோ பேச்சையே எடுக்க மாட்டேன்."

மாட்டினாள். எழுந்து போய் டிவியில் விரலை வைத்தேன்.

"இது. அடியில மூலை உடைஞ்சிருக்கு பாரு."

"இல்லீங்க."

"இதேதான்."

"அதுக்குப் பக்கத்துத் தூணுங்க."

"சாஞ்சது என் முதுகு!"

"எனக்கும் முதுகு இருந்துச்சுங்க."

"பிரீத்தி, திருப்பிப் போடும்மா!"

போட்டாள். திரும்பவும் போட்டாள்.

"மாமா, டீ ஆறிடுச்சு."

"ஆறட்டும்!"

சாரதா பீன்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "விடுங்க. வயசாயிருச்சு. மறந்திருக்கும்."

மறந்திருக்குமா? நானா? அந்த மழையையா?

"யாருக்கு வயசு? வா, நேர்லயே காட்டறேன்!"

சாரதா சட்டென்று திரும்பினாள்.

"பிரீத்தி, உங்க மாமா சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அத்தை. டிக்கெட் பார்த்தே வச்சிருக்கேன். புக் பண்ணிடறேன்."

விசா, குளிர், வரிசை, முட்டி. எல்லாம் ஆயிற்று. அரண்மனையைக் கடந்து மடாலயத்துக்குள் நுழைந்தோம். தூறிக்கொண்டிருந்தது. அவள் தேடவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. நேராகப் போய் ஒரு தூணில் சாய்ந்தாள். அடியில் மூலை உடைந்திருந்தது.

"இதைத்தானே டிவியில காட்டினேன்?"

"ஆமாங்க. அப்பவே சரியாத்தான் காட்டுனீங்க."

"அப்ப எதுக்கு இல்லேன்னே?"

"ஆமான்னு சொல்லியிருந்தா இங்க வந்திருப்பீங்களா?"

கோட்டைக் கழற்றி அவள் தலையில் போட்டேன். பக்கத்தில் சாய்ந்தேன். இந்தத் தடவை பிலிம் கவலை இல்லை. போனை நீட்டிப் பிடித்து அமுக்கினேன்.

படம் முழுக்க என் மூக்கு. தூணும் இல்லை, அவளும் இல்லை.

போனைப் பிடுங்கி, கையை எட்ட நீட்டி, தூண், கோட்டு, மழை, நாங்கள் இரண்டு பேர் எல்லாம் விழுகிற மாதிரி ஒரே அமுக்கில் எடுத்தவள் சாரதா.